வாட்டி, என் ராசாத்தி

செகந்தராபாத்
9-7-1978

கர்த்தருக்குள் அன்பான பியூலாவுக்கு,

லோயிஸ் எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே அப்பா, அம்மா, தம்பி சிலாஸ் எல்லோரும் சுகம். நீ மஸ்கட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் எங்கள் போவன்பள்ளி வீட்டில் ஒரே நாளில் காலி. எனக்குக் கிடைத்தது கொட்டைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். டியூட்டர் படிப்பை முடித்துத் திரும்பியதும் என்னை வார்டிலிருந்து எடுத்து நர்ஸிங் ஸ்கூலில் போட்டுவிட்டார்கள். இனி நான் சிஸ்டர் டியூட்டராம். அம்மா ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "எங்க லோயிஸ் வாத்தியாரம்மா ஆயிட்டாளே!" என்று சொல்லித் திரிகிறாள். எனக்கோ அழுகையாக வருகிறது.

எங்கள் பிரின்சிபால் ருக்மிணி மேடம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். மாணவிகளோடு வார்டுக்குப் போகிற புது டியூட்டர், இரண்டு கையாலும் ஒரு ட்ரேயைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதில் கொஞ்சம் பஞ்சைத் தவிர ஒன்றும் இருக்காது. "கை காலியா இருந்தா நீயே செஞ்சுடுவே லோயிஸ். நீ செஞ்சா அவ எப்போ செய்வா?" என்கிறார். கல்யாண வீட்டில் சந்தனத்தட்டு ஏந்துகிறவள் மாதிரி நிற்கிறேன்.

போன வாரம் யாதம்மா என்கிற பெண் தன் முதல் ஊசியைப் போட வேண்டும். புவனகிரிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் தெலுங்கையும் இங்கிலீஷையும் கலந்தடித்துத்தான் பாடம் நடத்துகிறேன். நோயாளி, நாச்சாரம் ஃபாக்டரியில் விரல் நசுங்கி வந்த ஆள். அவள் பிடித்த ஊசியின் முனை தோலுக்கு மேலேயே ஆடிக்கொண்டு நின்றது. என்னால் பொறுக்க முடியவில்லை. ட்ரேயைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அவள் கையிலிருந்து சிரிஞ்சைப் பிடுங்கி நானே போட்டுவிட்டேன்.

மறுநாள் அந்த ஆள் எந்த மாணவியையும் கிட்டே விடவில்லை. "நக்கோ அம்மா, வேண்டாம்! பெரிய சிஸ்டரைக் கூப்பிடு!" என்று வார்டே அதிரக் கத்தினான். யாதம்மா இனி ஊசியைத் தொடவே மாட்டேன் என்று ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கெடுத்தது நான்தான்.

இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை, பியூலா. பொம்மையை வைத்துக் காட்டுவது என்றால் எனக்குப் பயமில்லை. பிறந்த குழந்தை அழாவிட்டால் என்ன செய்வது என்று, பயிற்சிக் காலத்தில் நீ செய்ததை அப்படியே செய்து காட்டுகிறேன். நிஜ மனுஷர் முன்னால் சும்மா நிற்கத்தான் முடியவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை ஏதாவது இருக்கிறதா? சேர்ந்தே போவோம் என்றுதானே பேசிக்கொண்டோம்?

உன் அன்புள்ள,
லோயிஸ்


மஸ்கட்
2-8-1978

ஏட்டி லோயிஸ்,

வாத்தியாரம்மாவுக்கு என் ஸ்தோத்திரம். ட்ரே ஏந்தவா உன்னைப் பெற்றுப் போட்டார்கள்? உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு நேரே மேட்ரனிடம் போய் நின்றேன். லேபர் வார்டில் இடம் இருக்கிறது. நவம்பர் முடிவதற்குள் உன் பதில் வேண்டும் என்கிறாள்.

என் அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருக்கிறது. ஜன்னலோரக் கட்டிலை உனக்கென்று வைத்திருக்கிறேன். வேறு யாரும் வந்து படுத்துவிடாதபடி என் துணிமணிகளை அதில் குவித்துக் காவல் காக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் புல் பூண்டு இல்லாத பாறை மலை தெரியும். நம் செகந்தராபாத் பாறை மாதிரி இல்லை, ஆனாலும் பாறைதானே, பழகிவிடும்.

இங்கே ஆராதனை வெள்ளிக்கிழமை. பாடும்போது பக்கத்தில் உன் ஆல்டோ குரல் இல்லாமல் எனக்குச் சுரமே நிற்கவில்லை. சாயங்காலம் வாய்விட்டுப் பேச ஒரு ஆள் கிடையாது. என்னிடம் இருக்கிற தமிழ் முழுவதும் தொட்டில் பிள்ளைகளிடம்தான் செலவாகிறது. யோசிக்காதே, வந்துவிடு.

உனக்காகக் காத்திருக்கும்,
பியூலா


செகந்தராபாத்
12-11-1978

அன்பான பியூலாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள்.

யாதம்மாவின் பயத்தைப் போக்க நான் ஒன்று செய்தேன். என் தோளையே காட்டி, வெறும் சலைனை ஏற்றித் தினமும் ஊசி போடச் சொன்னேன். தோள் இரண்டும் வீங்கி, ரவிக்கை போட முடியாமல் திண்டாடினேன். போட்டுப் போட்டு அவளுக்கு நடுக்கம் நின்றது. சரி, மஸ்கட்டுக்குக் கிளம்புமுன் செய்த பாவத்தைக் கழுவியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை லேபர் ரூமில் அவள் முறை. டாக்டரம்மா பக்கத்துத் தியேட்டரில் ஆபரேஷனில் இருந்தார். நான் வழக்கம்போல ட்ரேயோடு நின்றேன். குழந்தை பிறந்தது. அழவில்லை. உடம்பு நீலம் பாரித்து, கையும் காலும் துவண்டு கிடந்தன. டாக்டரம்மாவைக் கூப்பிட ஆள் ஓடியது.

ட்ரேயைக் கீழே வைக்கத்தான் போனேன், பியூலா. அதற்குள் அந்தப் பெண்ணின் கை வேலையைத் தொடங்கிவிட்டது. சுண்டுவிரலில் துணியைச் சுற்றிக் குழந்தையின் வாயை ஒரே வழிப்பாக வழித்தாள். இடது முன்கையில் கவிழ்த்துப் போட்டாள். உள்ளங்கையால் முதுகைக் கீழிருந்து மேலாகத் தேய்த்தாள். ஒன்றிலும் பிழையில்லை. நான் பிடுங்கினால், பிடுங்குகிற நேரம்தான் வீண். அதனால் நின்றேன். என் ஆயுசில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

அப்போது அவள் குனிந்து, குழந்தையின் காதோரம், "வாட்டி, என் ராசாத்தி, வாட்டி" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது நீ சொல்கிற வார்த்தை. அழாத குழந்தை எது வந்தாலும் அப்படிச் சொல்லித்தான் முதுகைத் தேய்ப்பாய். 'வாடி'யை 'வாட்டி' என்கிற அந்த இழுப்பும் உன் ஊர் சாயர்புரத்து இழுப்பேதான். குழந்தை முகத்தைச் சுளித்தது, மூச்சை ஒரு இழுப்பு இழுத்தது, பிறகு அந்த அறையே கிடுகிடுக்க வீறிட்டது. நெஞ்சில் தொடங்கிய சிவப்பு விரல் நுனிவரை பரவியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான். ஆனால் கை வைக்காமல் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. உயிர் வருவது இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! ஆமாம், உன் ராசாத்தி ஆண் குழந்தை.

வெளியே வந்ததும், "அது என்ன வார்த்தை?" என்று யாதம்மாவைக் கேட்டேன். "தெலீது சிஸ்டர். மீரே சூபிஞ்சாரு கதா!" என்றாள். தெரியாதாம், நான்தான் காட்டிக் கொடுத்தேனாம். பொம்மையை வைத்துக் காட்டியபோது என்னை அறியாமல் சொல்லியிருக்கிறேன். வாயைத் துடைப்பதுபோல, முதுகைத் தேய்ப்பதுபோல, அதுவும் செய்ய வேண்டிய ஒன்று என்று வகுப்பே நம்பிப் பாடம் செய்து வைத்திருக்கிறது! இன்று மேடம் சோதித்தபோது ஒவ்வொருத்தியும் பொம்மையிடம் பயபக்தியோடு ராசாத்தி சொன்னாள். "இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு லோயிஸ்?" என்கிறார் மேடம்.

நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். நான் ட்ரேயோடு நிற்கிறேன். அப்படியானால் அந்தக் குழந்தையைத் தேய்த்தது யார் கை? நினைக்க நினைக்கப் பிரமிப்பாக இருக்கிறது. நாளைக்கு இந்தப் பெண்கள் கரீம்நகருக்கும் நல்கொண்டாவுக்கும் போவார்கள். நாம் கண்ணால்கூடப் பார்க்காத குழந்தைகளை உன் வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

நான் வரவில்லை, பியூலா. திட்டு. ஆனால் எழுது. அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம் என்று பெண்களிடம் சொல்லட்டுமா? உன்னுடையது, நீதான் சொல்ல வேண்டும்.

உன்,
லோயிஸ்


செகந்தராபாத்
28-12-1978

அன்பான பியூலாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன்னிடமிருந்து கார்டுகூட வரவில்லை. தபால்காரரைப் பார்த்ததும் நான் வாசலுக்கு ஓடுவதைக் கண்டு சிலாஸ் கேலி செய்கிறான். "பியூலா அக்காவுக்குக் கோபமா?" என்று அம்மா கேட்டாள். "ஹவ், ஆமாம், நிறையக் கோபம்" என்று அவனே பதில் சொல்லிவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்,
லோயிஸ்


மஸ்கட்
4-2-1979

லோயிஸ்,

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியும், கடிதத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பேன். 'நான் வரவில்லை' என்பதைப் பார்த்தேன். மடித்துப் பெட்டிக்கடியில் போட்டேன். ஜன்னலோரக் கட்டிலை ஒரு கோட்டயத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்த துணிகளை எடுத்து மடிக்கும்போது அழுதேன். உன்மேல் அவ்வளவு கோபம்.

முந்தாநாள் பெட்டியை ஒழித்தபோது கடிதம் கையில் வந்தது. முதலிலிருந்து படித்தேன். யாதம்மா குனிந்து அதைச் சொன்ன இடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். காலையில் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற வார்த்தை அது. அம்மா போன பிறகு என்னை அப்படிக் கூப்பிட யாருமில்லை. அதனால்தான் நான் கண்ணில் பட்ட குழந்தையை எல்லாம் கூப்பிட்டேன். இங்கே அரபிக் குழந்தைகளையும் அப்படித்தான் எழுப்புகிறேன். என்னோடு முடிந்துபோகும் என்று நினைத்திருந்தேன். தமிழே தெரியாத ஒரு பெண் என் அம்மா வார்த்தையைச் சொல்லி ஒரு உயிரை எழுப்பியிருக்கிறாள். என்ன ஆச்சரியம் இது, லோயிஸ்! எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

புத்தகத்தில் கிடையாது, சாயர்புரத்தில் இருக்கிறது என்று உங்கள் மேடத்திடம் சொல். பெண்களிடம் அதை நிறுத்தச் சொல்லாதே. ஆண் குழந்தையானாலும் ராசாத்திதான், மாற்ற விடாதே.

மே மாதம் லீவில் வருகிறேன். நேரே உன் லேபர் ரூமுக்குத்தான். அந்தப் பெண் சொல்வதை நான் என் காதால் கேட்க வேண்டும். பக்கத்தில் நின்றால் என் கை சும்மா இருக்காது. எனக்கும் ஒரு ட்ரே எடுத்து வை.

உன்,
பியூலா