ஸ்டெல்லா கேட்ட வைக்கோல்

செவ்வாய், இரவு.

புற்றுநோயோடு படுத்திருக்கும் ஸ்டெல்லாவின் கொட்டாஞ்சேனை வீட்டில் இன்று செபமாலை சொன்னோம். வழமைபோல நான்தான் முன்சொன்னேன். கடைசியில் அவளுடைய சுகத்துக்காகச் செபிக்க வேண்டியவள், செத்த வீட்டில் சொல்வதுபோல ஆன்ம இளைப்பாற்றிக்கான செபத்தைத் தொடங்கிவிட்டேன். 

ஸ்டெல்லாதான் சிரித்தாள். "அதைப் பிறகு சொல்லலாம் அக்கா. இந்த நத்தாருக்கும் கோயிலில பாலன் பிறந்த குடிலை நான்தான் கட்டப்போறன். ஆண்டவர் கூப்பிடுற வரைக்கும் எனக்கு வேலை தந்திருக்கிறார். நீங்கள் வைக்கோல் மட்டும் தேடித் தாங்கோ."

வாய் தவறிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். மாடிப்படி ஏறும்போதே அவளை மனதுக்குள் அடக்கம் செய்துவிட்டிருந்தேன். உயிர்ப்பை நம்புகிறேன் என்று ஞாயிறுதோறும் சத்தமாகச் சொல்கிறவள் நான்.

நித்திரை வருகுதில்லை. இந்தக் கொழும்பில் வைக்கோல் எங்கே கிடைக்கும்?