உன் உயிலுக்கு நான் சாட்சி

மாப்ள,

இன்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து கேட்டு வந்தார். மை வாடை மூக்கில் ஏறியதும் கை தயங்கிவிட்டது. உன் ஞாபகம்தான்.

நீ உயில் எழுதியது வெறும் வெள்ளைத்தாளில். திருப்பரங்குன்றம் வீடு பொன்னம்மாவுக்கு என்று. உன் சம்சாரம் மகனைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்ட பிறகு, தாலி இல்லாமலே பதினெட்டு வருஷம் உன்னோடு இருந்தவர். "நீ இருக்கையில எனக்கென்னடா கவலை" என்று பேனாவை நீட்டினாய். சாட்சியும் நான், உயிலை நிறைவேற்ற வேண்டியவனும் நான். இன்னொரு சாட்சியான மில் மேஸ்திரி உனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்.

நீ போன மூன்றாம் மாதம் உன் மகன் வாசலில் வந்து நின்று, "இது எங்க அப்பா வீடு" என்றான். நான் வக்கீலிடம் ஓடினேன்.

"மதுரைச் சொத்துக்கு புரொபேட் கட்டாயமில்ல. வீடு மெட்ராஸ்ல இருந்தாத்தான் உயிலைக் கோர்ட்டுல நிரூபிச்சு உத்தரவு வாங்கியாகணும்" என்றார். அப்பாடா என்றிருந்தது. அவர் விடவில்லை. "ஆனா பையன் பின்னால கேஸ் போட்டா, இது அவரு கையெழுத்துதான்னு சொல்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். உங்களுக்கு வயசு என்ன?"

நான் இருக்கும்போதே நாமே கோர்ட்டில் உயிலை நிரூபித்துவிடலாம் என்று பொன்னம்மாவிடம் சொன்னேன்.

"வேணாண்ணே. நான் அவுகளுக்கு யாருன்னு கோர்ட்டுல கேப்பாக. என்னன்னு சொல்ல?"

அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம். அப்புறம் வாய்தா, வாய்தா என்று நாலு வருஷம். பஸ் ஏறி இறங்கியே முழங்கால் போயிற்று. சில நாள் உன்னைத் திட்டவும் செய்தேன்.

கூண்டில் நின்றபோது உன் மகனின் வக்கீல் கேட்டேவிட்டார்: "அந்தம்மா இறந்தவருக்கு என்ன உறவு?"

பின் பெஞ்சில் பொன்னம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"செத்தவன் எனக்கு மாப்ளைங்க. இவுக எனக்குத் தங்கச்சி. அம்புட்டுத்தான்."

உத்தரவு நமக்குச் சாதகமாக வந்தது. உன் மகனும் மேலே போகவில்லை. அன்று பொன்னம்மா சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் மெதுவாகச் சொன்னார்: "இம்புட்டு வருஷத்துல கூண்டுல நின்ன அன்னைக்குத்தாண்ணே என்னையத் தங்கச்சின்னீக."

அண்ணே, அண்ணே என்று எத்தனை தடவை காபி கொண்டுவந்து வைத்திருப்பார். நான் 'இந்தாங்க', 'ஏங்க' என்றே ஒப்பேற்றியிருக்கிறேன். ஒரு வக்கீல் கேட்ட பிறகுதான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது. கோர்ட்டுக்கு அலைந்த களைப்பு ஆறிவிட்டது மாப்ள. இது மட்டும் ஆறவில்லை.