வரிசையில் நின்ற பைகள்

ஜூலை 1, செவ்வாய்

ரேஷன் கடை திறக்க ஒன்பது ஆகும். ஏழு மணிக்கே பதினான்கு பைகள் வரிசையில் நின்றன, பைக்குச் சொந்தக்காரர்கள் வீட்டில். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு கல். இந்த ஊரில் ஆள் இடம் பிடித்தால் சண்டை வரும், பை பிடித்தால் வராது. இதை உறுதியாகச் சொல்வேன் — மற்ற விஷயங்களில் எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது.

ஒரு மாடு புகுந்து பாதி வரிசையைச் சாய்த்துவிட்டது. நான்தான் நிமிர்த்தி வைத்தேன், எல்லாக் கைப்பிடிகளும் சுவரைப் பார்த்து. சர்வே ஆபீசில் முப்பத்தாறு வருடம் கோடு போட்ட கை.

அதே நாள், மதியம்

பத்தாவது ஆளோடு பாமாயில் தீர்ந்துவிட்டது. எதிர்வீட்டு எஸ்தர் அரை நாள் லீவு போட்டு வந்தவள். ஐந்தாவதாக வைத்த அவள் பை பதினொன்றில் இருந்தது. ஐந்தில் ஆட்டோ ராஜவேலுவின் பை. இரண்டும் ஒரே பட்டுக்கடையின் மஞ்சள் பை.

"சந்து கிடைச்சா பூந்துடுவியா? இது இன்னா ரோடா?" என்றாள்.

"நான் தொடவே இல்லமா, புள்ள மேல சத்தியம்!"

யாரும் நம்பவில்லை. நானும்தான். எஸ்தர் பையின் கைப்பிடியில் நீல நூல் முடிச்சு. அப்போதுதான் கண்ணில் பட்டது. காலையில் அந்த முடிச்சைப் பதினொன்றில் வைத்தது நான். என் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 3

எஸ்தரின் மகள் ஸ்கூலுக்கு நடந்து போகிறாள். இன்னும் மூன்று வீடுகளும் பிள்ளைகளை ராஜவேலு ஆட்டோவில் அனுப்புவதை நிறுத்திவிட்டன.

ஜூலை 5

எஸ்தருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். என் மனைவி ரம்ஜான் பீ படித்துவிட்டு, "இது இன்னா, கலெக்டருக்கு மனுவா? வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள்.

சொல்லலாம்தான். கிழவனுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு சிரிச்சா? சிரிக்கட்டுமே — அங்க ராஜவேலு பொழப்பு போவுதே!

ஜூலை 10, வியாழன்

மறுபடி பாமாயில் வந்தது. ஒன்பது மணி வரை காத்திருந்தேன். பைகளிடம் சொல்லி என்ன பயன்? ஆட்கள் வந்து அவரவர் பையின் பின்னால் நின்றதும் சொன்னேன்: "அன்னைக்கு மாட்டால சாஞ்ச பைங்கள மாத்தி வச்சது நான். ராஜவேலு தொடல." குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

எஸ்தர் என்னையே பார்த்தாள். "ஒம்பது நாளா வாயில பாமாயிலா ஊத்தி வச்சிக்கினு இருந்தீங்க, பாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். ராஜவேலு சிரிக்கவில்லை. அது நியாயம்.

ஜூலை 22, செவ்வாய்

ஏழே முக்கால். ராஜவேலு ஆட்டோவை நிறுத்தி, இறங்காமலே மஞ்சள் பையை நீட்டினான். "ஸ்கூல் டிரிப் பாய். நீங்களே வச்சிடுங்க."

பின் சீட்டில் எஸ்தரின் மகள்.

எட்டாவதாக வைத்தேன், கைப்பிடி சுவரைப் பார்த்து. அதில் புதிதாக ஒரு சிவப்பு நூல் முடிச்சு.