வெட்டுவதற்கு விட்ட இடம்

அக்கா,

போன கிழமை உங்கள் மகள் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கப் போகிறார்களாம். "அம்மா பாடுற மாதிரி ஒரு படம் வேணும் மாமா. நீங்கள்தானே அந்தக் காலத்தில இசைக்குழுவுக்குப் படம் எடுத்தனீங்கள்" என்றாள். அலுமாரிக்கு மேலே கிடந்த பிஸ்கற் ரின்னை இறக்கித் திறந்தேன். வினாகிரிப் புளிப்பு மணம் மூக்கில் அடித்தது. பழைய நெகற்றிவ் பழுதாகத் தொடங்கினால் அப்படித்தான் மணக்கும். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

எல்லாவற்றிலும் நீங்கள் இருந்தீர்கள். ஓரத்தில். பக்கத்தில் நின்ற கிற்றார்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி.

"ஏன் மாமா அம்மா எல்லாத்திலயும் தள்ளித் தள்ளி நிக்கிறா? இவையளோட கோவமோ?"

நெகற்றிவ்வை அவளிடமிருந்து வாங்கி ரின்னுக்குள் வைத்தேன். "பொறு பிள்ளை, இன்னும் கிடக்கும், தேடிப் பாத்து வைக்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொய் சொல்லுவது எனக்குப் புதிதா என்ன? உங்களிடம் சொல்லிப் பழகிய வாய்தானே.

கோட்டை மதிலுக்கு முன்னால் முதன்முதலாகப் படம் எடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தவக்காலத்தில் ஓலைத்தொடுவாய்க் கோவிலில் நீங்கள் ஒப்பாரி பாடியதைக் கேட்டுவிட்டு, மாஸ்டர்தான் உங்களைத் தன் குழுவுக்குக் கூட்டி வந்தவர். அவருக்குக் கந்தோரில் உத்தியோகம், தோளில் அக்கோடியன், வாயில் எந்நேரமும் இங்கிலீஷ். நீங்கள் விடிய எழும்பிக் கருவாடு காயப்போட்டுவிட்டு, பஸ் ஏறி, சாறித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். எல்லாரையும் வரிசைப்படுத்த முதல் மாஸ்டர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். "பாட்டுக்காரியை ஓரத்தில விடும். கொஞ்சம் இடமும் விடும். கொழும்பிலயிருந்து றேடியோப் பாட்டுக்காரி ஆரும் வந்தால், இவவை வெட்டிப்போட்டு அவவின்ர படத்தை ஒட்டலாம்."

எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்த விசயம். நோட்டீசுக்குக் குழுப்படம் எடுக்கும்போது, பிறகு வேண்டாம் என்று ஆகக்கூடிய ஆளை ஓரத்தில் நிறுத்துவோம். பக்கத்து ஆளின் தோள் அவர்மேல் முட்டாமல் பார்த்துக்கொள்வோம். கத்தரிக்கோல் போக வழி வேண்டுமே. பின்னால் வெறும் மதில் என்றால் இன்னும் வசதி. அதற்காகத்தான் கோட்டைக்குப் போனோம். வடிவுக்காக என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

"அக்கா, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ. அப்பத்தான் சாறிக்கரை வடிவா விழும்" என்றேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். சாயம் போன பழைய நூல் சாறி. "இந்தக் கரையோ?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். ஆனாலும் தள்ளி நின்றீர்கள். அடுத்த படத்துக்கு அகலக் கரை வைத்த சாறி ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி உடுத்து வந்தீர்கள். அறுவான் நான், அதைப் பார்த்த பிறகும் வாய் திறக்கவில்லை. பிறகு பிறகு நான் சொல்லவே தேவை இருக்கவில்லை. மற்றவர்கள் இடம்பிடிக்க முதலே நீங்களாகவே ஓரத்துக்குப் போய், ஒரு முழம் விட்டு நிற்பீர்கள்.

எத்தனை நோட்டீஸ்! எத்தனை தரம் உங்களை வெட்டினோம்! 'வெட்டினோம்' என்ன, கத்தரிக்கோல் பிடித்தது நான்தான்.

அந்தக் கோவில் திருநாளை மட்டும் சாகும்வரை மறக்க மாட்டேன். நோட்டீசில் கொழும்புப் பாடகியின் படம், கொண்டையில் பூவோடு. பின்னேரம் நாலு மணிக்கே கோவில் வளவு நிறையச் சனம். உப்புக்குளத்திலிருந்துகூடச் சைக்கிளில் வந்திருந்தார்கள். பாடகி வரவில்லை. ரயிலைத் தவறவிட்டாவாம். மாஸ்டர் உங்களை மேடைக்குத் தள்ளிவிட்டார். பேரைக்கூடச் சொல்லவில்லை. "நோட்டீசில இருக்கிற ஆளைக் கொண்டு வாங்கோடா!" என்று கூச்சல். "உது எங்கட கருவாட்டு மாமியெல்லோ!" என்று ஒருத்தன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். சனம் அடங்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாடத் தொடங்கினீர்கள். முதல் பாட்டு முடியச் சிரிப்பு நின்றது. மூன்றாவது பாட்டில், கத்தியவனே கை தட்டினான். நான் மேடையில் ஏறி, முழந்தாளிட்டு, உங்கள் முகத்தை மட்டும் எடுத்தேன். தொண்டை நரம்பு புடைத்து, கண் பாதி மூடியிருந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான் அக்கா. மற்றதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு எடுத்தது.

அடுத்த நோட்டீசுக்கு இதைப் போடுவோம் என்று பிரின்ற்றையும் நெகற்றிவ்வையும் கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் கருவாடு விக்கிற மனிசியின்ர மூஞ்சையைப் பாக்க ஆர் வருவினம்? இதை அவவுக்குக் காட்டாதையும். பிறகு நோட்டீசில போடச் சொல்லி நிப்பா" என்று சொல்லி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். நான் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவரைப் பகைத்தால் எந்த மேடைக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று பயம். கண்டறியாத பயம்!

இரண்டு நாள் கழித்து நீங்கள் என் ஸ்ரூடியோவுக்கு வந்தீர்கள். கருவாடு மணக்கும் என்று உள்ளே வராமல் வாசலிலேயே நின்றீர்கள். "தம்பி, அண்டைக்கு என்னைத் தனிய எடுத்தியே, அது வந்திட்டுதோ? என்ர மனிசன் அண்டைக்குக் கடலில. நான் முன்னுக்கு நிண்டு பாடினதெண்டு சொன்னால் நம்புறாரில்லை. காட்டவேணும்."

"பிலிம் பழுதாப் போச்சுதக்கா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "பறவாயில்லை. நீ என்ன செய்வாய்" என்றுவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நல்லாக ஏசியிருக்கலாம். உங்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது அக்கா, சொல்லிவிடுகிறேன். நாங்கள் எல்லாருமாக உங்கள் தலையில் மிளகாய் அரைத்தோம். நீங்கள் என்ன கோதாரிக்குப் பேசாமல் இருந்தீர்கள்?

பிறகு நாட்டில் சண்டை வந்தது, ஆளுக்கொரு திக்காக ஓடினோம். நீங்கள் வள்ளத்தில் இராமேஸ்வரம் பக்கம், நான் மடுவுக்கு, மாஸ்டர் கனடாவுக்கு. நீங்களும் நானும்தான் ஊர் திரும்பினோம். உங்கள் மகள் வந்து போன அன்றே அவருக்குப் போன் எடுத்து, அந்த லாச்சியில் இருந்த உங்கள் படம் எங்கே என்று கேட்டேன். "எந்த மனிசி?" என்றார். ஊரைச் சொன்னேன். திருநாளைச் சொன்னேன். "ஓ, கோரஸ் பாடினவவோ? உதெல்லாம் ஆர் ஐசே இவ்வளவு காலம் வைச்சிருக்கிறது?" என்று சிரித்தார். கோரஸாம்! போனை வைத்துவிட்டு வாய் நோக ஏசினேன். அவரையும் என்னையும் சேர்த்துத்தான்.

வேறு வழியில்லாமல், இருக்கிற நெகற்றிவ்வில் ஒன்றை எடுத்துக்கொண்டு பஜாரில் கொம்பியூட்டரில் படம் திருத்துகிறவரிடம் போனேன். "இது ரெண்டு நிமிச வேலை அங்கிள். அன்ரியை இழுத்து மற்றாக்களுக்குக் கிட்ட நிப்பாட்டி விடுறன். இடைவெளி இருந்ததெண்டு ஆருக்கும் தெரியாது" என்றார். பொய் சொல்ல மாட்டேன், ஆசை வந்தது. மகளும் சந்தோசப்படுவாள், நானும் தப்பிவிடுவேன். பிறகு எனக்கே என்னை அருவருத்தது. "வேண்டாம், இருக்கிறபடி அடியுங்கோ" என்று வாங்கி வந்தேன்.

இன்று காலை மகள் வந்தாள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் இடைவெளி விட்டோம், யார் வெட்டியது, லாச்சிக்குள் போன படம், பழுதாகாத பிலிம், ஒன்றும் விடவில்லை. அவள் கதிரையில் இருந்தபடி கேட்டாள். முகத்தில் காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். துப்பவில்லை. படத்தில் அந்த இடைவெளியை விரலால் தொட்டாள்.

"அம்மா உங்களைப் பற்றி ஒண்டு சொல்லுறவ மாமா" என்றாள். "'படம் எடுக்கிற தம்பி பாவம். அவனுக்குப் பொய் சொல்ல வராது, சொல்லேக்க காது ரெண்டும் சிவந்துபோம். அதுதான் அவன் வாய் திறக்க முதல் நானாவே செய்துபோடுவன்' எண்டு. என்னத்தைச் செய்தனீங்கள் அம்மா எண்டு கேட்டால் சொல்லமாட்டா, சிரிப்பா. இப்பதான் எனக்கு விளங்குது."

அவள் போய்விட்டாள். படத்தைக் கொண்டு போனாள். நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன். உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று இத்தனை வருசமும் என்னை நானே ஏசிக்கொண்டிருந்தேன், அது பழகியும் போய்விட்டது. நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்து இரங்கி, எனக்காகத் தள்ளி நின்றிருக்கிறீர்கள். இதற்குப் பழக இனி எனக்குக் காலம் போதாது, அக்கா.