மோதிரம் இருந்த விரல்

அன்புள்ள அக்கா,

நலம். ரோமாபுரியில் இருபது வருடம் இருந்தவனுக்கு அயர்லாந்து மழை ஒத்துக்கொள்ளாது என்று பயந்தாயே, சளிகூடப் பிடிக்கவில்லை. பேராயர் எவனும் இந்நாட்டில் இருக்கக்கூடாது என்று இங்கிலாந்து அரசின் உத்தரவு வந்ததிலிருந்து நான் துணி வியாபாரி. மூட்டையும் குதிரையுமாக என்னைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

நேற்று ஒரு சத்திரத்தில் சாப்பிட உட்கார்ந்தேன். எதிரே நான்கு சிப்பாய்கள். சத்திரக்காரி கிரானியா ஓட்ஸ் கஞ்சி கொண்டுவந்தாள். பழக்கதோஷம், பேராயர் மோதிரத்தை முத்தமிட நீட்டுவதுபோல் அவளிடம் வலது கையை நீட்டிவிட்டேன். மோதிரத்தைக் கழற்றியிருந்தேன், ஆனால் ரோமாபுரி வெயிலில் கறுத்த விரலில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளை வளையமாகத் தெரிந்தது. ஒரு சிப்பாய் அதையே பார்த்தான்.

"கல்யாண மோதிரத்த வித்துக் குடிச்சவனுக்குக் கஞ்சி ஒரு கேடா? கைய எடுய்யா," என்று தட்டிவிட்டாள் கிரானியா. சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குதிரை ஏறும்போது அடுப்புக்கரியோடு வந்தாள். "கையக் குடுங்க சாமி. இப்படியா ஊர் சுத்துவீங்க?" அந்த வெள்ளை வளையத்தின்மேல் கரியைத் தேய்த்தாள். பிறகு அதே விரலில் முத்தமிட்டாள்.

இதோடு வரும் வெண்ணெய்க் கட்டிக்குள் மோதிரம் இருக்கிறது. எனக்குப் பின் பேராயராக வருபவரிடம் கொடு. பதறாதே, என்றைக்காவது ஒருவர் வரத்தானே வேண்டும்.

இன்று காலை ஆற்றைக் கடக்கும்போது கழுத்தளவு தண்ணீர். கரி பூசிய அந்தக் கையை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே கரையேறினேன்.

உன் தம்பி,
துணி வியாபாரி