நாலு மாதம் பத்து நாள்

சம்பல் ஆற்றங்கரை முகாம்
1803 ஆகஸ்ட் 9

என் மெஹ்ருனுக்கு,

நான் நலம். நீயும் நம் மகள் குல்சுமும் நலமாக இருக்க வேண்டும். காய்ச்சல் என்னை விட்டுவிட்டது. சமையல்காரன் வைக்கும் பருப்புதான் இன்னும் விடவில்லை.

ஆங்கிலேயக் கும்பினிப் படை அக்கரையில் கூடாரம் போட்டிருக்கிறது. ராஜாக்களிடம் வேலை பார்க்கும் என்னைப் போன்ற வெள்ளைக்காரர்கள் அதை விட்டுவிட்டு வந்தால் பதவி கொடுப்பார்களாம். சிரித்தேன். பதினோரு வருடம் ராஜா ஜோத்சிங்கின் உப்பைத் தின்றவன் நான்.

ஊருக்கு வெளியே தனி வீட்டில் நீங்கள் இருவரும் இருப்பதுதான் கவலை. அதனால் முகாமுக்கு வந்த ராஜாவிடம் நானே போய், உங்களை ரூப்கட் கோட்டைக்குள் வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு தோளில் தட்டி, "நீயே கேட்டுட்ட, நல்லதாப் போச்சு. உன் வீட்டாளுங்க இனி என் பொறுப்பு. நீ பீரங்கியப் பாரு சாகிப்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் அன்செல்ம்


ரூப்கட் கோட்டை
ஜமாத்துல் அவ்வல் பிறை 3

மேன்மை தங்கிய கணவர் அன்செல்ம் சாகிப் அவர்கள் சமூகத்துக்கு, அடியாள் மெஹ்ருன் சலாமுடன் எழுதிக்கொள்வது.

ராஜாவின் கருணையால் நலமாக இருக்கிறோம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. தாங்கள் ராஜாவுக்கு உண்மையாக இருந்து வெற்றி பெற வேண்டும் என்று துஆ செய்கிறோம். குல்சும் தன் ஆட்டைப் பார்க்க வேண்டும் என்று வாசலுக்குப் போனாள். காவல்காரர், "உத்தரவு வந்தாத்தான் கதவு தொறக்கும் தாயி" என்று அன்பாகச் சொன்னார். மீண்டும் சொல்கிறேன், நலமாக இருக்கிறோம்.

மெஹ்ருன்
எழுதியது: அரண்மனை முன்ஷி


சம்பல் கரை
செப்டம்பர் 4

மெஹ்ருன்,

'சமூகத்துக்கு', 'அடியாள்' எல்லாம் எப்போதிலிருந்து? வீட்டில் என்னை 'ஓய் பரங்கி' என்று கூப்பிடுகிறவள் நீ. முன்ஷியை வைத்து எழுதினால் இப்படித்தான். இதைச் சலவைக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் மனைவி கோட்டையில் துணி எடுக்கிறவள். பதிலை அவளிடமே கொடு.

இங்கே நிலைமை சரியில்லை. ராஜாவின் இன்னொரு வெள்ளைக்காரத் தளபதி தெல்மா போன வாரம் கும்பினிப் பக்கம் போய்விட்டான். அன்றிலிருந்து என்னை யாரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பீரங்கிகளை வேறொருவனிடம் ஒப்படைத்தார்கள். என் கூடார வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். கேட்டால், "உங்க பாதுகாப்புக்குத்தான் சாகிப்" என்கிறார்கள். எந்தக் காலையில் கழுத்துக்கு வாள் வரும் என்று தெரியவில்லை.

கும்பினியிலிருந்து எனக்கும் ஆள் வந்தான். இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் கோட்டைக்குள் பத்திரமாக இருக்கிறீர்கள். அதனால்தான் துணிந்து யோசிக்க முடிகிறது.

அன்செல்ம்


ரூப்கட்
ஜமாத்துல் அவ்வல் பிறை 25

என் சாகிபுக்கு,

இது என் கையெழுத்து, கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கடிதம் முழுக்க முன்ஷி சொன்னது.

பதினோரு வருடம் இந்த மண்ணில் இருந்தும் உங்களுக்கு இது தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். சண்டைக்குப் போகிற தளபதியின் பெண்டாட்டி பிள்ளையை ராஜா கோட்டைக்குள் வைத்துக்கொள்வது பிணையாக. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். மற்றவர்கள் நோய், பிரசவம் என்று சாக்குச் சொல்லி முடிந்தவரை தள்ளிப்போட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் வலியப் போய் எங்களைக் கொடுத்தீர்கள்.

தெல்மா போன செய்தி வந்த அன்று அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் கோட்டையின் கீழ்க்கட்டுக்கு அழைத்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. அவள் துணி இன்னும் கொடியில் கிடக்கிறது. பக்கத்து அறைக்காரியிடம் விசாரித்தேன். "கேக்காத மெஹ்ருன். உன் ஆளு அங்கேயே நிக்கணும்னு மட்டும் கேளு" என்றாள்.

அங்கே உங்கள் உயிருக்கும் ஆபத்து என்று புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், ஆற்றைத் தாண்டாதீர்கள்.

மெஹ்ருன்


கும்பினி முகாம்
செப்டம்பர் 19

மெஹ்ருன்,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நான் ஆற்றைத் தாண்டி ஐந்து நாள் ஆகிறது.

பதினான்காம் தேதி சண்டையில் எங்கள் அணி உடைந்தது. ஆற்றில் வெள்ளம். நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் குழப்பத்தில் நீந்தி இந்தப் பக்கம் ஏறினேன். யாரும் பார்க்கவில்லை. ராஜாவுக்கு இன்னும் தெரிந்திருக்காது. எத்தனை நாள் தெரியாமல் இருக்கும்?

நான் திரும்பி வந்து தலையைக் கொடுத்தால் உங்களை விடுவார்களா? விடுவார்கள் என்றால் சொல், வருகிறேன்.

அன்செல்ம்


ரூப்கட்
ஜமாத்துல் ஆகிர் பிறை 12

சாகிபுக்கு,

வர வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டேன். முற்றத்துக்குப் போய் வளையல்களை உடைத்து, ஆற்றோடு போய்விட்டீர்கள் என்று ஓலமிட்டேன். நான் கெஞ்சிக் கேட்டதால், உங்கள் உடல் வெள்ளத்தில் போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சலவைக்காரர் ராஜாவிடம் சத்தியம் செய்தார்.

ராஜா என் கதவுக்கு வெளியே நின்று, "எல்லாரும் ஓடினானுங்க. என் சாகிப் ஓடல" என்று சொல்லி அழுதார். கணவனை இழந்து இத்தா இருக்கும் பெண்ணின் அறைப்பக்கம் அந்நிய ஆண் நிற்கக் கூடாது என்று காவலையும் முன்ஷியையும் விலக்கிவிட்டார். இத்தாவின் நாலு மாதம் பத்து நாள் கழிந்ததும் எங்களை என் அண்ணன் வீட்டுக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் வீடும் அவர் எல்லைக்குள்தான். நீங்கள் உயிரோடிருப்பதாக ஒரு பேச்சு வந்தாலும் எங்களைத் தேடி வருவார்கள். பெயரை மாற்றிக்கொண்டு உங்கள் நாட்டுக்கே போய்விடுங்கள்.

குல்சுமிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் வாயை நம்ப முடியாது. "அப்பாவ மீன் தின்னுடுச்சாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. ஆசையும் இருக்கிறது. அழுதபோது நடிக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்குப் பதில் எழுதாதீர்கள்.

மெஹ்ருன்
காலஞ்சென்ற அன்செல்ம் சாகிபின் மனைவி