விக்டோரியாவின் பிரிமியரை நம்பிய நாட்கள்

இன்று காலை ஓஸ்டர்முண்டிகன் ரயில் நிலையத்தில் கோப்பியோடு நின்றபோது கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அவுஸ்திரேலியாவில் ஏதோ ஒரு மாநிலத்தின் பிரிமியர் பதவி விலகிவிட்டாராம். அவருடைய பெயரைக்கூட நான் சரியாக வாசிக்கவில்லை. அதற்குள் கோப்பியைச் சப்பாத்தில் கொட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற சுவிஸ் கிழவி, “உங்களுக்கு ஏதும் செய்கிறதா?” என்று கேட்டாள். உலகத்தின் மறுகோடியில் ஒரு மனிதர் வேலையை விட்டதற்கு இங்கே ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ஏன் கோப்பி சிந்த வேண்டுமென்று அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

நீ இருந்தால் சிரித்திருப்பாய் என்று எழுத வந்தேன். பொய். நீ எனக்கு முன்னமே நடுங்கியிருப்பாய்.

நாம் இருவரும் பேர்ன் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் நின்றவர்கள். நீ ஒரு தலைப்பைப் பிடிக்க நான் மறு தலைப்பைப் பிடித்து எத்தனை விரிப்புகளை மடித்திருப்போம்! அந்த இயந்திரங்களின் இரைச்சலுக்குள் நாம் கதைத்த கதையில் பாதி உன் தம்பியைப் பற்றியது. பெற்றோர் போனபின் நீதான் அவனை வளர்த்தாய். நீ இங்கே வரும்போது அவன் பள்ளிக்கூடப் பையன்.

2009 மே மாதம் வன்னியில் போர் முடிந்த பிறகு நம் எல்லாரையும் போல நீயும் தொலைபேசிக்குப் பயப்படத் தொடங்கினாய். மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அவன் உயிரோடு முள்வேலி முகாமில் இருக்கிறான் என்று தெரிந்த அன்று வேலை இடத்திலேயே தரையில் குந்திவிட்டாய். முகாமிலிருந்து வெளியே வந்தவனைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஒருமுறை பிடித்துக்கொண்டு போய், விட்டார்கள். அடுத்த முறை விடமாட்டார்கள் என்று ஊரார் சொன்னதும் அவன் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறினான். கிறிஸ்மஸ் தீவு, தடுப்பு முகாம், கடைசியில் விக்டோரியா மாநிலத்து மெல்பேர்ண். அங்கே ஒரு வீட்டில் வேறு நாலைந்து பெடியன்களோடு தங்க விட்டார்கள். “ஆண்டவன் கண் திறந்திட்டான்டி” என்றாய். அந்தக் கண் அதிக காலம் திறந்திருக்கவில்லை. மேன்முறையீடும் தோற்று, திருப்பி அனுப்பப்போகிறோம் என்று அவனுக்கு அறிவித்துவிட்டார்கள்.

அதைக் கேட்ட பிறகு நீ சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. “கொழும்பில இறங்கின கையோட பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். பிறகு எங்கை தேடுறது?” என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாய். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

பிறகு ஒருநாள் காலை வேலை முடிந்து நேரே என் வீட்டுக் குசினிக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாய்: “கொம்பியூட்டரைத் திற. அந்த மாநிலத்துக்குப் பெரியவர் ஆரெண்டு பார். அவருக்கு எழுதுவம்.”

உன் நியாயம் எனக்கு உடனே விளங்கியது. உன்னையும் ஒரு காலத்தில் இந்த நாடு வெளியே போகச் சொன்னது. அப்போது சலவைப் பகுதியின் பெரியவள் கடிதம் கொடுத்தாள். நீ குடியிருந்த கிராமத்தில் அயலவர்கள் கையெழுத்து வைத்தார்கள். தேவாலயப் பாடற்குழுவில் கோப்பி ஊற்றிக் கொடுத்ததற்காக அவர்களும் எழுதினார்கள். எல்லாவற்றையும் கட்டிக் கொண்டுபோய் கன்டோன் அலுவலகத்தில், அதுதான் இங்கத்தைய மாநில அரசிடம், கொடுத்தாய், வதிவிட அனுமதி வந்தது. ஆகவே மாநில அரசை உருக்கினால் மனிதன் தப்புவான் என்பது உனக்கு அனுபவத்தில் கண்ட உண்மை. அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தாய். “பேர்ன் கன்டோனுக்கு ஏழு பேர் சேர்ந்து ஆட்சி. தலைவரும் வருசத்துக்கு வருசம் மாறுவார். அந்த ஏழு பேரே என்னை இருக்க விட்டவை. அங்கை ஒரேயொரு ஆள்தானேடி! ஒருத்தற்றை மனசு இளகினாப் போதும்.”

என் ஆங்கிலத்தில் உனக்கு இருந்த நம்பிக்கை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் வாசித்தேன். அந்த ஒருவருக்குப் பெயர் பிரிமியர். நம் வழக்கில் முதலமைச்சர் மாதிரி. முற்காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனிப் பிரித்தானியக் குடியேற்றம், லண்டன் அனுப்பிய ஆளுநர் வைத்ததுதான் சட்டம். பிறகு அவற்றுக்குச் சொந்தமாகப் பாராளுமன்றங்கள் வந்தன. கீழ்ச்சபையில் யாருக்குப் பெரும்பான்மையோ அவரை ஆளுநர் அழைத்து அரசு அமைக்கச் சொன்னார். பிரிமியர் என்ற பெயரே முதலில் சட்டத்தில் எழுதாமல் வழக்கத்தில் வந்ததாம்.

“சட்டத்தில இல்லாத ஆளோ?” என்று பதறினாய். “அப்ப அவரின்ரை கையெழுத்துச் செல்லுமோ?”

“செல்லுமடி. நீ தேத்தண்ணியைக் குடி.”

ஆரம்ப காலத்துப் பிரிமியர்கள் சிலர் சில மாதங்கள்கூட நிலைக்கவில்லை என்று வாசித்தேன். உனக்கு முகம் வெளிறியது. வேறொரு மாநிலத்தில், பெரும்பான்மையோடு இருந்த பிரிமியரையே ஆளுநர் வீட்டுக்கு அனுப்பிய கதையும் வந்தது. உடனே, “ஆளுநருக்கும் ஒண்டு போடுவம்” என்றாய். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே என்ற கவலை உனக்கு.

அடுத்த பகுதியை உனக்குச் சொல்லாமல் தாண்டப் பார்த்தேன். என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தக் குடியேற்றக் காலத்தில் சீனர்கள் வந்த ஒரு கப்பலை மெல்பேர்ணில் இறங்கவிடாமல் தடுத்தார்கள். அது சிட்னிக்குப் போக அங்கேயும் தடுத்தார்கள். தடுத்தவர்கள் அந்தந்த இடத்துப் பிரிமியர்கள்தான். அதைக் கேட்டு நீ தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாய். உன் தம்பியும் கடலால் வந்தவன்.

பிறகு நீ சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. “கப்பலைத் திருப்ப ஏலுமெண்டால், ஆளை வைச்சிருக்கவும் ஏலும்தானே?”

அவ்வளவுதான். உன் பயத்துக்குள்ளிருந்தே ஒரு நம்பிக்கையைத் தோண்டி எடுத்துவிட்டாய். அந்த இடத்தில் நாம் கணினியை மூடினோம். அதற்குக் கீழேயும் வரலாறு இருந்தது. நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டதால் வாசிக்கவில்லை.

இங்கே உனக்குப் பலித்த வழியை அங்கே அப்படியே செய்தாய். மெல்பேர்ணுக்குத் தொலைபேசியிலேயே குடியிருந்தாய். அவன் கூட்டித் துப்புரவாக்கும் கோயிலிலிருந்து ஒரு கடிதம், புல்லு வெட்டிக் கொடுக்கும் கிரிக்கெட் கழகத்திலிருந்து ஒரு கடிதம். அவன் குப்பைத்தொட்டியை வாசலுக்கு இழுத்து வைக்கும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி தன் கையெழுத்தில் நீளமாக எழுதியிருந்தாள், இவன் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று. எல்லாம் சேர்த்து, மேலே நாம் எழுதியதையும் வைத்து, மாண்புமிகு பிரிமியர் அவர்களுக்கு அனுப்பினோம். ‘உங்கள் மாநிலத்தில் என் தம்பி இருக்கிறான்’ என்று தொடங்கவேண்டும் என்று அடம்பிடித்தவள் நீ.

காத்திருந்தோம். மார்ச் மாதத்தில் ஒருநாள் மேலங்கியைக் கழற்றாமலே நீ மேசைக்கு ஓடி வந்தாய். இயந்திரத்தின் இரைச்சலையும் மீறிக் கத்தினாய்: “பிரிமியர் போயிட்டார்!”

செத்துவிட்டாரோ என்று நான் பதறினேன். இல்லை, பதவி விலகிவிட்டார். தேர்தலுமில்லை ஒன்றுமில்லை. மாலை இருந்தவர் மறுநாள் இல்லை. கட்சிக்காரர் கூடி வேறொருவரைத் தெரிந்தார்கள், ஆளுநர் முன்னால் அவர் சத்தியம் செய்தார், முடிந்தது. கீழ்ச்சபையின் நம்பிக்கை யார் பக்கமோ அவரே பிரிமியர் என்று குசினியில் வாசித்தபோது அது வெறும் பாடமாக இருந்தது. அன்று அது உன் தம்பியின் கழுத்தைப் பிடித்தது. “எங்கடை கடிதத்தை அவர் வாசிச்சாரோ? புது ஆள் குப்பையில போடுவாரோ?” என்று கேட்டபடி ஒரே தலையணை உறையை மடித்து, விரித்து, மறுபடி மடித்தாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நம் கண்ணுக்கு முன்பின் தெரியாத ஒருவரின் ராஜினாமாவும் பேயாகத் தெரிந்தது.

பதில் வந்தது. மரியாதையான, நாலே வரிப் பதில். குடிவரவு மத்திய அரசின் பொறுப்பு, கன்பராவில் உரிய அமைச்சருக்கு எழுதவும். நான் மொழிபெயர்த்து முடித்தும் உனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது நீ அழவில்லை, கோபப்பட்டாய். “இஞ்சை ரெண்டும் பேர்னிலதானே கிடக்கு!”

ஓம். பேர்ன்காரர் மட்டுமே விடக்கூடிய பிழை அது. கன்டோன் அரசும் மத்திய அரசும் இங்கே ஒரே ஊரில் இருக்கின்றன. கன்டோன் உனக்காகக் கேட்டது, மத்திய அலுவலகம்தான் சம்மதித்தது. நீ கண்டது கன்டோனின் கண்ணாடி யன்னலை மட்டும். அதற்குப் பின்னால் இன்னொரு கதவு இருந்தது உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று நாம் மூடிய பக்கத்தின் மிச்சத்தை வாசித்தோம். ஆறு குடியேற்றங்களும் ஒரே நாடாகச் சேர்ந்தபோது பிரிமியர்களே கூடிப் பேசி, பாதுகாப்பு, சுங்கம், குடிவரவு எல்லாவற்றிலும் மத்திக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பொலிஸ், ட்ராம் போன்றவை மாநிலங்களிடமே நின்றன.

“தாங்களே தூக்கிக் குடுத்தவையோ?” என்று வாயைப் பிளந்தாய். “விசரர்!”

சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாம் பிழையான வாசலில் காவல் நின்ற அந்த நேரமெல்லாம் அவனுக்கு மிச்சமிருந்த நேரம்.

நல்ல காலமாக மெல்பேர்ணில் ஒரு சட்டத்தரணி அகப்பட்டாள். பிரிமியருக்குப் போன கடிதங்களின் பிரதிகளைக் கேட்டு வாங்கி நீதிமன்றத்தில் வைத்தாள். வழக்கு முடியும்வரை அனுப்பவேண்டாம் என்று நீதிமன்றம் நிறுத்தியது. அது விடுதலை இல்லை. தற்காலிக விசா, அது முடிய இன்னொன்று. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப முடியாது. ஆண்டுகள் அப்படியே போயின. விக்டோரியாவில் பிரிமியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீ எனக்குத் தொலைபேசி எடுப்பாய். “அவையாலை ஒண்டும் செய்யேலாதெண்டு தெரியும். எண்டாலும் பயமாக் கிடக்கடி.”

பிறகு உன் கணையத்தில் கட்டி என்றார்கள். நாம் மடித்து அனுப்பிய விரிப்பிலேயே உன்னைப் படுக்க வைத்தார்கள். நீ சாவுக்குப் பயந்ததாக எனக்குத் தெரியவில்லை. உன் பயம் முழுக்க வேறு இடத்தில் இருந்தது. “அவனுக்குச் சொல்லிப் போடாதை. கேட்டானெண்டால் தானாப் போறன் எண்டு கையெழுத்து வைச்சு ஊருக்குப் போயிடுவான், அங்கையிருந்து என்னட்டை வரப் பார்ப்பான். கொழும்பைத் தாண்டமாட்டான்.” என் மணிக்கட்டில் உன் விரல் பதிந்த அடையாளம் கிடந்தது.

உனக்குக் கதைக்க முடியாமல் போன நாட்களில் அவன் அழைப்பை நான் எடுத்தேன். அக்கா நித்திரை, அக்கா குளிக்கிறா. ஒருநாள், அக்கா பல்லுப் பிடுங்கினவ, வாய் வீங்கிக் கிடக்கு. அவன் “சரி, ஆறுதலாக் கதைக்கட்டும்” என்பான். அவன் நம்புகிறான் என்று நான் உனக்குச் சொல்வேன். நீ கண்ணை மூடுவாய்.

உன்னை எரித்த அன்று கைபேசியைத் தூக்கிப் பிடித்து அவனுக்குக் காட்டியவள் நான்தான். அழுது முடித்துவிட்டு அவன் சொன்னான்: “அவவுக்குச் சுகமில்லையெண்டு எனக்கு முதலே தெரியும் அக்கா. தெரியுமெண்டு அவ அறிஞ்சால் இன்னும் பயப்பிடுவா எண்டுதான் கேக்கேல்லை.”

அவன் இன்னும் அங்கேதான். இன்னும் தற்காலிகம்தான். ஞாயிறு தோறும் எனக்கு எடுக்கிறான். பிந்தினால் எனக்கு உடம்பு பதறுகிறது, உனக்குப் பதறியதுபோல. போன கிழமை என் குரலைக் கேட்டதும், “என்ன அக்கா, கொழகொழவெண்டு கதைக்கிறியள்?” என்றான்.

“பல்லுப் பிடுங்கினது தம்பி” என்றேன்.

“அக்கா, உந்தப் பல்லுக் கதை எனக்குச் சொல்லாதேங்கோ. உடம்புக்கு என்ன வருத்தம்? உண்மையைச் சொல்லுங்கோ” என்று கத்தினான். சத்தியம் செய்தேன், நம்பவில்லை. கடைசியில் வீடியோவைப் போட்டு, வாயை ஆவென்று திறந்து, பல் போன ஓட்டையைக் காட்டினேன். அவன் உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிறுபிள்ளை போல அழுதான்.

உன் பயம் முழுவதையும் நான்தான் சுமக்கிறேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதில் பாதியை அவன் எனக்காக எடுத்து வைத்திருக்கிறான்.